அனுப்புநர்: எக்ஸ் எக்ஸ் எக்ஸ்

நெல்லிவாசல்நாடு,
8.5.1982

வசந்திக்கு,

"அன்புள்ள" என்று போடக் கை வரவில்லை, போடவில்லை. நலம், நலமறிய ஆவல் என்றும் எழுதப் போவதில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். திருப்பத்தூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவளுக்கு என்ன கேடு?

லீவு முடிகிறவரை இங்கிலீஷில்தான் எழுதிக்கொள்ள வேண்டும், தமிழில் ஒரு வரி இருந்தாலும் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்னாய் அல்லவா? தாராளமாகத் திருப்பி அனுப்பு. எனக்கு வந்திருக்கிற ஆத்திரத்துக்கு இங்கிலீஷ் போதாது. "ஐ ஆம் ஆங்க்ரி வித் யூ" என்று எழுதினால் உனக்கு உறைக்குமா? அதற்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு "குட்" என்று எழுதி வைப்பாய். அதனால் தமிழிலேயே கேட்கிறேன். உனக்கு மூளை கீளை இருக்கிறதா? திருத்திக் கொடு என்றுதானே அனுப்பினேன்? கலெக்டருக்குப் போட்டுவிடு என்று எப்போதடி சொன்னேன்?

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், நீ மறந்திருந்தாலும் மறந்திருப்பாய். முழுப் பரீட்சையில் நான் இங்கிலீஷில் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு சுந்தரம்மாள் டீச்சர் என்ன சொன்னார்? "பாஞ்சாலி, மத்ததெல்லாம் தேறிடுவே. இங்கிலீஷ்தான் உன்ன கவுத்துடும். லீவுல கடிதம் எழுதிப் பழகு, கட்டுரை வரலன்னாலும் கடிதத்துல மார்க் வாங்கிப் பாஸ் பண்ணிடலாம்" என்றார். எங்கள் ஊரிலிருந்து பத்தாவது வரைக்கும் வந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சரி என்றேன். நீதான் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதி அனுப்புவதை எல்லாம் திருத்தி அனுப்புகிறேன் என்று சத்தியம் செய்தாய். நானும் முட்டாள் மாதிரி நம்பினேன்.

சும்மா இருக்கவில்லை நான். ஆடு மேய்க்கும்போதுகூட ஆடுகளிடம் இங்கிலீஷில்தான் பேசினேன். "கம் ஹியர்", "டோன்ட் ஈட் தட்" என்று கத்துவேன். ஆடு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு நாக்குத் திரும்பியது. லீவு லெட்டர் எழுதி அனுப்பினேன், திருத்தி அனுப்பினாய். தோழிக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினேன், திருத்தி அனுப்பினாய். அடுத்தது கலெக்டருக்கு எழுதும் கடிதம். "உங்கள் ஊரின் குறையைக் கலெக்டருக்கு எடுத்துச் சொல்லி எழுதுக." எல்லாரும் குழாய் ரிப்பேர் என்று எழுதுவார்கள். எங்கள் ஊரில் குழாயே கிடையாது, எதை ரிப்பேர் என்று எழுத? நிஜமாக இருக்கிற குறையை எழுதினால் வார்த்தை தானாக வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் கொடுவாளைப் பற்றி எழுதினேன்.

காட்டிலாகா கார்டு எங்கள் ஆட்களிடமிருந்து கொடுவாளைப் பிடுங்கிக்கொள்கிறான் என்று உனக்கே தெரியும். கடுக்காய் பொறுக்கப் போனால் பிடுங்குவான், விறகுக்குப் போனால் பிடுங்குவான், சொந்தப் பலாமரத்தில் காய் இறக்கிவிட்டு வந்தால்கூட வழியில் நிறுத்திப் பிடுங்குவான். திருப்பிக் கேட்டால் பலாப்பழம் கொண்டுவா, தேன் கொண்டுவா என்பான். கொண்டுபோய்க் கொடுத்தாலும் நாளை வா என்பான். இதைத்தான் எழுதினேன். கடைசியில் கொஞ்சம் வீம்பாக, எங்கள் பழத்தையும் தேனையும் அவன் கரடி மாதிரி தின்கிறான் என்றும் எழுதினேன். பரீட்சைக் கடிதம்தானே, யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வசந்தி, ஒன்றை மட்டும் நன்றாகக் கேள். அனுப்புநர் இடத்தில் நான் என்ன எழுதினேன்? எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று எழுதினேன். பரீட்சைத் தாளில் சொந்தப் பெயர் இருந்தால் தாளையே செல்லாது என்று தள்ளிவிடுவார்கள், எக்ஸ் எக்ஸ் எக்ஸ்தான் போடவேண்டும் என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். அந்த எக்ஸை அழித்துவிட்டு "சடையன், நெல்லிவாசல்நாடு" என்று என் அப்பா பெயரைப் போட்டது நீ. டைப்ரைட்டிங் பழகுகிற உன் அண்ணன் சேட்டுவிடம் கொடுத்து அழகாக டைப் அடிக்க வைத்ததும் நீ. ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டதும் நீ.

போன செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. அப்பா புளியமரத்தின் மேல் இருந்தார். கீழே நின்று அம்மாவும் நானும் புளி பொறுக்கிக்கொண்டிருந்தோம். ரேஞ்சர் ஒருத்தர், கூடவே அந்தக் கார்டு. ரேஞ்சர் கையில் டைப் அடித்த அந்தத் தாள் இருந்தது, பார்த்ததுமே உன் வேலை என்று தெரிந்துவிட்டது. எந்த ஆள் மேல் புகார் எழுதினோமோ அந்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பார். ஊரில் கேட்க ஆள் இல்லை. ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு மகனுக்குப் பெண் பார்க்கப் புதூர்நாட்டுக்குப் போயிருந்தார். மற்ற ஆண்கள் ஜீப்பைக் கண்டதும் காட்டுக்குள் போய்விட்டார்கள். அதுவும் வழக்கம்தான்.

அப்பாவை மரத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். "இந்த மனு நீ எழுதினதா?" என்று ரேஞ்சர் கேட்டார். அப்பாவுக்கு என்ன மனு, என்ன எழுத்து, ஒன்றும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "ஆமா சாமி, நாந்தான்" என்றார். கைநாட்டு வைக்கிற மனுஷன் வசந்தி, என் அப்பா. ரேஞ்சர் சிரித்துவிட்டு, இங்கிலீஷிலேயே எழுதியிருக்கிறாயே, ரொம்பப் படித்தவனோ என்று கேட்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, இந்தத் தாளில் உன் பெயரை மட்டும் எழுது பார்க்கலாம் என்றார். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். வாங்கி, கொடுவாள் பிடிக்கிற மாதிரி முழுக்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கார்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

நான் எழுதினேன் என்று நானே சொல்லிவிட்டேன். ஸ்கூல் பாடம், பழகுவதற்கு எழுதியது, அனுப்பவே இல்லை என்று சொன்னேன். அழுதேன், எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரேஞ்சர் அந்தக் கரடி வரியைச் சத்தமாகப் படித்து, அதைக் கார்டுக்குத் தமிழில் சொன்னார். அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த அப்பாவின் கொடுவாளை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டான். எங்கள் வீட்டில் இருந்த கடைசிக் கொடுவாள் அதுதான்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இன்னா கண்ணு எழுதினே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "எழுதினது நெசந்தான" என்று சொல்லிவிட்டுப் புளியை மூட்டை கட்டப் போய்விட்டார். அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதனால் உன்னைத் திட்டுகிறேன். உனக்கு யார் கொடுத்தது இந்த அதிகாரம்? என் கடிதம், என் அப்பா பெயர், என் ஊர். உனக்கு என்னடி வந்தது?

பதில் எழுதவேண்டாம்.

பாஞ்சாலி


நெல்லிவாசல்நாடு,
24.5.1982

வசந்திக்கு பாஞ்சாலி எழுதுவது.

பதில் வேண்டாம் என்று எழுதினேன். எழுதிவிட்டாய். அதுவும் இங்கிலீஷில்! என் வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருக்கிறது, உனக்குப் பயிற்சி விட்டுப்போகக்கூடாது என்று கவலை. எத்தனை "சாரி" அதில்! கடைசியில் "ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் யூ" வேறு. என் கடிதம் அவ்வளவு நன்றாக இருந்ததாம், உன் அண்ணனே அசந்துபோனானாம், அப்படி ஒரு கடிதத்தைத் திருத்திவிட்டு மடித்து வைக்க மனசு வரவில்லையாம். நியாயம் கேட்கப் பயப்படக்கூடாதாம். நியாயத்தை நீ கேள், உன் அப்பா பெயரைப் போட்டுக் கேள். உங்கள் புளி மண்டி வாசலில் ஜீப் வந்து நின்றால் அப்போது தெரியும்.

உன் கடிதம் முழுக்க அகராதி பார்க்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் மலையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அது உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்கமாட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டுக்குக் குறை என்றால் முதலில் ஊர்க்கவுண்டரிடம் சொல்லவேண்டும். அவரால் தீராவிட்டால் நாட்டார், அதாவது சுற்று ஊர்ப் பெரியவர்கள், கூடுவார்கள். மலையின் வார்த்தை அவர்கள் வாயால்தான் கீழே இறங்கலாம். தனி ஆள் நேராகப் போலீசுக்கோ கலெக்டருக்கோ போனால் அவன் ஊரைத் தாண்டிவிட்டான் என்று கணக்கு. ஊரைத் தாண்டியவனுக்கு ஊர் இல்லை.

ராஜாக்கண்ணு கவுண்டர் கோயில் முன்னால் உட்கார்ந்து, "சடையா, நானு ஒருத்தன் உசிரோட கீறேனா இல்லியா? ஊரு வார்த்தைய எவளோ இங்கிலீசு எழுதிக் கீழ அனுப்பினா, அப்பறம் நானு இன்னாத்துக்கு?" என்று கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கூல் பாடம் என்றோ, கூடப் படிக்கிற பெண் தெரியாமல் அனுப்பிவிட்டாள் என்றோ சொல்லியிருக்கலாம். நான் சொல்லச் சொன்னேன். "இன்னொரு வூட்டுப் பொண்ண எதுக்கு இழுக்கிறே" என்று அடக்கிவிட்டார். நீ இதை நன்றாகப் படி. இரண்டு தடவை படி.

தீர்ப்பு இரண்டு. அப்பா ஊர் முன்னால் விழுந்து கும்பிடவேண்டும். கார்டு விஷயம் ஆறுகிற வரைக்கும் என்னை மலையை விட்டு இறக்கக்கூடாது. கீழே போய் இங்கிலீஷ் படித்ததால்தானே இத்தனையும்? அப்பா உடனே, "வுழுறேன். எத்தினி தபா சொன்னாலும் வுழுறேன். புள்ளைய நிறுத்தச் சொல்லி மட்டும் கேக்காதீங்க" என்றார். இரண்டும் சேர்த்துத்தான் தீர்ப்பு, பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கமுடியாது என்றார் கவுண்டர்.

பெண்கள் கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். அம்மா திறந்தாள். சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தவர்கள் அன்றைக்கு அவளைப் பார்த்திருக்கவேண்டும். "ஏன் மாமா, உங்க கொடுவாளும் அந்தக் கார்டு ரூம்புலதான கெடக்குது? அத்தக் கேக்க வாய் வரல, எம்பொண்ண நிறுத்த மட்டும் வருதா?" என்று கேட்டுவிட்டாள். கவுண்டர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதோடு எங்களைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

தள்ளி வைப்பது என்றால் என்ன என்று உனக்குச் சொல்கிறேன். அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போனால் கதவைச் சாத்துவார்கள். அம்மா தண்ணீருக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். என்னோடு ஆடு மேய்த்த மாதம்மாள் இப்போது ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டுகிறாள். இதெல்லாம்கூடப் போகட்டும். மழை ஒன்று பெய்துவிட்டது. சாமை விதைக்கவேண்டும். இங்கே ஒரு வீட்டு நிலத்தை அந்த வீட்டு மாடு மட்டும் உழுவதில்லை, பக்கத்து வீட்டு ஏர்கள் எல்லாம் சேர்ந்து வரும். நாங்களும் அவர்கள் நிலத்துக்குப் போவோம். இப்போது எங்கள் நிலத்துக்கு யாரும் வரவில்லை. அப்பா ஒற்றை ஏரைக் கட்டிக்கொண்டு சரிவில் மல்லுக்கட்டுகிறார். வேலி வெட்டக் கொடுவாள் இல்லை. அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு போய் முள் வெட்டுகிறாள் அம்மா.

நான் நின்றுவிடுகிறேன், ஸ்கூலுக்குப் போகவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி மாட்டை ஓட்டினார். மறுபடி சொன்னேன். "ஏர் பிடிக்கிறவங்கிட்டப் பேசாத, கோணலாப் போவும்" என்றார். அவ்வளவுதான்.

எல்லார் மேலும் கோபமாக வருகிறது வசந்தி. கார்டு மேல், கவுண்டர் மேல், வாயைத் திறக்காத இந்த ஊர் மேல். எல்லார் வீட்டுக் கொடுவாளும் அந்த ரூமில்தான் கிடக்கிறது. தினமும் அடுப்படியில் அவனைத் திட்டாத பெண் இந்த ஊரில் இல்லை. ஆனால் எழுதியது மட்டும் குற்றமாம். எல்லார் மேலும் வருகிற கோபம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் உன் மேல்தான் வந்து நிற்கிறது. நீ மட்டும் அந்தத் தாளை வழக்கம்போல் சிவப்பு மையால் கிறுக்கித் திருப்பி அனுப்பியிருந்தால் இந்நேரம் நான் அடுத்த பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

ஸ்கூல் திறந்ததும் என் இடத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொள். எங்கள் வீட்டு ஆடுகளுக்கு இப்போது தமிழில்தான் சொல்கிறேன். அவற்றுக்கு எல்லாம் ஒன்றுதான்.

பாஞ்சாலி


நெல்லிவாசல்நாடு,
3.6.1982

வசந்தி,

இதைத் தபாலில் போடவில்லை. கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிற ஜீப் டிரைவர் வடிவேலு அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் கற்றையைப் பார்த்து மலைக்காதே. முதலில் இதைப் படி, பிறகு அதற்கு வா.

திங்கட்கிழமையே தபால்காரர் வந்தார். பழுப்பு உறை, சர்க்கார் முத்திரை. எங்கள் ஊருக்கு இங்கிலீஷில் வருகிற எந்தக் காகிதமும் நல்லதைக் கொண்டுவந்ததில்லை. சம்மன் வரும், அபராதம் வரும், நிலத்தை விடு என்று நோட்டீஸ் வரும். உறையைப் பார்த்ததுமே நாலு வீட்டில் அழுகை கேட்டது. அப்பா பெயருக்கு வந்ததுதான், ஆனால் வழக்கப்படி தபால்காரர் அதைக் கவுண்டர் கையில் கொடுத்துவிட்டார். வேறு சமயமாக இருந்தால் யாராவது அதைத் திருப்பத்தூருக்கு எடுத்துப்போய், மனு எழுதுகிறவரிடம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். இந்தத் தடவை கவுண்டர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். தள்ளி வைத்த வீட்டுப் பெண்ணைக் கோயில் முன்னால் கூப்பிட்டு, "படி" என்றார். ஊரே நின்றது.

நான் படித்தேன். முழுவதும் புரிந்தது. மனு மீது ரேஞ்சர் நேரில் சென்று விசாரித்தார், ஊர் மக்களிடமிருந்து எந்தக் கருவியும் பறிக்கப்படவில்லை, ஊர்த் தலைவர் ராஜாக்கண்ணு நேரில் வந்து எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தார், ஆகவே மனு முடிக்கப்பட்டது. அவ்வளவுதான் கலெக்டர் ஆபீஸ் கடிதம்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு நிமிஷம் வேறு மாதிரி சொல்லிவிடலாமா என்று தோன்றியது. கொடுவாளைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டார்கள், சடையன் செய்தது தப்பில்லை என்று போட்டிருக்கிறது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? சாமை விதைக்க ஏர் வரும், நான் அடுத்த திங்கட்கிழமை ஸ்கூலில் இருப்பேன். இந்த ஊரில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். எழுதினது நெசந்தான என்று கேட்ட மனுஷன். உள்ளதை உள்ளபடி சொன்னேன், கவுண்டர் பெயர் வருகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.

கவுண்டர், "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். "நானா? நானா சொன்னேன்? எப்ப சொன்னேன்? அன்னிக்கி நானு ஊர்லயே இல்லியே! புதூர்நாட்டுல சம்மந்தி வூட்டுல குந்தினு கெடந்தேனே!" என்று எழுந்து குதித்தார் பார், வயசான மனுஷன் விழுந்துவிடப் போகிறார் என்று இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கொடுவாளைப் பிடுங்கியபோது வராத கோபம், வாயில் இல்லாத வார்த்தையை எடுத்து எழுதிக்கொண்டதும் வந்துவிட்டது. ஊரின் வார்த்தை தன் வாயால்தான் இறங்கவேண்டும் என்று எங்களைத் தள்ளி வைத்தாரே, அவர் வாயைக் கேட்காமலே அவர் வார்த்தையைக் கீழே இறக்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா அடக்கவில்லை.

"இவனுக்கு மேல யாரு?" என்று கவுண்டர் கேட்டார். கலெக்டருக்கு மேல் மெட்ராஸில் இருக்கிறார்கள் என்றேன். "எழுது. இப்ப ஊரு சொல்லுது, எழுது" என்றார். அன்றைக்கே எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா விழவில்லை. மறுநாள் விடியும்போதே எங்கள் சரிவில் ஏர்கள் வந்து நின்றன.

அப்புறம் எழுதினேன் பார், கை ஒடிய எழுதினேன். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் கொடுவாளையும் எழுது, பிடியில் பித்தளை வளையம் போட்டது, எங்கள் மாமனார் காலத்தது என்றாள். மாதம்மாள்கூட வந்தாள். அவளிடம் கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான் எழுதினேன். பித்தளை வளையத்துக்கு இங்கிலீஷ் தெரியாமல் படம் போட்டிருக்கிறேன், நீ பார்த்துக்கொள். எல்லாரும் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். முதல் கைநாட்டு ராஜாக்கண்ணு கவுண்டருடையது. அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை என்பதைத் தனிப் பத்தியாகவே எழுதியிருக்கிறேன்.

இத்தனையும் நடந்துவிட்டதே, கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறாயா? இல்லை. நேற்று ஸ்கூலுக்குப் புறப்படட்டுமா என்று கேட்டேன். கவுண்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ போய்ட்டா வர்ற பதில எவ படிப்பா? கொடுவாளு வர்ற மட்டும் இங்கியே இரு கண்ணு" என்றார். கண்ணுவாம்! முதலில் இங்கிலீஷ் படித்தது குற்றம் என்று நிறுத்தினார்கள். இப்போது இங்கிலீஷ் தெரிந்தவள் வேண்டும் என்று நிறுத்துகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நிற்பது நான்தான். ஊரே தலையாட்டியது. என்னைத் தள்ளி வைத்தபோது ஆட்டிய அதே தலைகள். அங்கேயே கத்தியிருப்பேன், அம்மா கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் மனுவின் முதல் தாளை எடுத்தேன். அனுப்புநர் இடம் இன்னும் காலியாக இருந்தது. உன்னால் நான் பட்ட பாடு அத்தனையும் அந்த இடத்தில்தானே ஆரம்பித்தது? அதைப் பார்த்ததும் புத்தியில் பட்டது. கவுண்டரிடம் போய், பதில் என்பது அனுப்புநர் முகவரிக்குத்தான் வரும், நம்ம தபால்காரர் மலை ஏறி வருவதற்குள் மாசம் போய்விடும், வந்த கடிதத்துக்கு உடனே மறுமொழி எழுதாவிட்டால் இவர்கள் மனுவை மறுபடி முடித்துவிடுவார்கள் என்றேன். ஒன்றும் பொய் இல்லை, எல்லாம் நிஜம். அதனால் திருப்பத்தூரில் ஒரு கடை முகவரியைப் போடலாம், வந்த அன்றே பிரித்துப் படித்து, அன்றே பதில் எழுதிவிடலாம் என்றேன். "எவ படிப்பா?" என்றார் மறுபடி. அப்பாதான், "கீழ இருக்கிறவதான் படிக்கணும் மாமா" என்றார்.

கவுண்டர் யோசிக்கிறார். இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா ட்ரங்குப் பெட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிட்டார். அம்மா சாமை அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் கேள். உன்னை மன்னித்துவிட்டேன் என்று துள்ளாதே, நேரில் வந்து முதுகில் நாலு வைத்தால்தான் எனக்கு ஆறும். ஆனால் இந்த மனுவைத் திருத்து. நன்றாகத் திருத்து, சிவப்பு மையை மிச்சம் வைக்காதே. உன் அண்ணனிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொல். அனுப்புநர் இடத்தில் எக்ஸ் போடாதே, என் அப்பா பெயரையும் போடாதே. ஊர் பெயரைப் போட்டு, மேற்பார்வை உன் அப்பாவின் புளி மண்டி, திருப்பத்தூர் என்று போடு. முன்னாடியே உன் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போடு. கேட்காமல் ஒருத்தர் பெயரைப் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அப்புறம் பெட்டியில் போடு. இந்தத் தடவை நான் சொல்லித்தான் அனுப்புகிறாய்.

இன்னும் ஒன்று. இதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ஸ்கூல் திறக்கும் அன்று சுந்தரம்மாள் டீச்சர் பெயர் கூப்பிடுவார். வராதவர்கள் பெயரைச் சிவப்புக் கோடு போட்டு அடிப்பார். அடித்துவிட்டால் ஹாஸ்டல் இடமும் போய்விடும், பத்தாவதும் போய்விடும், பிறகு யார் கெஞ்சினாலும் ஏறாது. ஜீப் எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை, நடந்தே இறங்கினாலும் இறங்குவேன், ஒரு நாள் இரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம். என் பெயரைக் கூப்பிடும்போது குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்காதே. எழுந்து நில். வாயை நன்றாகத் திறந்து, இங்கிலீஷிலேயே சொல்: ஷி இஸ் கமிங், மிஸ்.

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
பாஞ்சாலி